இரண்டாவது இனிப்புக்காகக் காத்திருந்த குழந்தை எதை நிரூபித்தது? உளவியல் ஆய்வில் ஏற்புடைமை பழக ஒரு வழிகாட்டி

முதுகலை ஆய்வேட்டில் நான் பெருமையோடு எழுதியிருந்த ஒரு வரியை, வாய்மொழித் தேர்வுக்கு வந்த பேராசிரியை சிவப்பு மையால் சுழித்து வைத்திருந்தார். “இவ்வினாநிரலின் நம்பகத்தன்மைக் கெழு 0.86. ஆகவே இது ஏற்புடைய கருவியாகும்.” ஓரத்தில் ஒரே ஒரு சொல்: “எப்படி?”

அந்த ‘ஆகவே’வுக்கு என்னிடம் பதில் இல்லை. நம்பகத்தன்மை என்பது எண்கள் முரணில்லாமல் வருவது; ஏற்புடைமை என்பது அந்த எண்களை வைத்து நாம் சொல்லும் முடிவுக்குப் போதிய ஆதாரம் இருப்பது. உள்ளடக்க ஏற்புடைமை, முன்கணிப்பு ஏற்புடைமை, அக ஏற்புடைமை, புற ஏற்புடைமை என்று வகைகள் எல்லாம் மனப்பாடமாகத் தெரியும். வரையறைகளையும் ஒப்பிப்பேன். ஆனால் அவற்றைக் கொண்டு ஓர் ஆய்வை உரசிப் பார்க்க யாரும் சொல்லித் தரவில்லை, நானும் கேட்கவில்லை. ஆகையால் இந்தக் கட்டுரையில் வகைப் பட்டியல் கிடையாது. ஊரறிந்த ஓர் ஆய்வை எடுத்துக்கொண்டு, அதை ஒவ்வொரு படியாக உரசிப் பார்ப்போம். உங்கள் ஆய்வுக்கும் அதே படிகள் பொருந்தும்.

எடுத்துக்கொள்ளும் ஆய்வு, மார்ஷ்மெல்லோ என்ற மெத்தென்ற இனிப்பின் பெயரால் வழங்கும் மார்ஷ்மெல்லோ சோதனை. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்தில் பிங் மழலையர் பள்ளி என்று ஒன்று இருக்கிறது. வால்டர் மிஷெல் என்ற உளவியலாளர் 1960-களின் இறுதியிலிருந்து அங்கே நான்கைந்து வயதுக் குழந்தைகளைத் தனி அறையில் உட்காரவைத்து இப்படிச் சொன்னார்: இதோ ஓர் இனிப்பு. நான் வெளியே போய்விட்டு வருகிறேன். நானே திரும்பி வரும்வரை பொறுத்திருந்தால் இரண்டு கிடைக்கும். பொறுக்க முடியாவிட்டால் மணியை அடித்து என்னைக் கூப்பிடு. ஒன்று மட்டும் கிடைக்கும். குழந்தை எத்தனை நிமிடம் காத்திருந்தது என்பதே அளவு. இந்தச் சின்ன ஏற்பாட்டிலிருந்துதான் “நான்கு வயதில் பொறுமை காட்டும் குழந்தை வாழ்க்கையில் வெல்லும்” என்ற பேச்சு உலகமெங்கும் பரவியது. நம் ஊர் பெற்றோர் கூட்டங்களிலும் இதை நீங்கள் கேட்டிருப்பீர்கள்.

படி 1: முடிவை வாக்கியமாக எழுதிப் பாருங்கள்

“மார்ஷ்மெல்லோ சோதனை ஏற்புடையதா?” என்று கேட்டால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது. ஏற்புடைமை கருவியோடு ஒட்டியிருக்கும் குணம் இல்லை. கருவி தந்த எண்ணை வைத்துக்கொண்டு நாம் சொல்லும் வாக்கியத்துக்குத்தான் அது உண்டு அல்லது இல்லை. சாமுவேல் மெஸ்ஸிக் 1989-இல் இதை விரிவாக எழுதினார். பாடநூல்கள் இன்னமும் “ஏற்புடைய சோதனை, ஏற்பில்லாத சோதனை” என்று இரண்டு கூடை வைத்துப் பிரிப்பது, என் பார்வையில், புதியவர்களைக் குழப்பும் முதல் தவறு.

ஆகவே ஒரு தாளை எடுத்து வாக்கியங்களைப் பிரித்து எழுதுங்கள். நம் சோதனையிலிருந்து குறைந்தது நான்கு வாக்கியங்கள் கிளம்புகின்றன.

அ. இனிப்பு கண்ணுக்குத் தெரியாமல் மறைக்கப்பட்டால் குழந்தை கூடுதல் நேரம் காத்திருக்கும்.
ஆ. காத்திருந்த நிமிடங்கள் குழந்தையின் தன்னடக்கத்தை அளக்கின்றன.
இ. நான்கு வயதில் காத்திருந்த நேரம், பிற்காலப் படிப்பை முன்கூட்டியே காட்டுகிறது.
ஈ. ஆகவே குழந்தைக்குக் காத்திருக்கப் பழக்கினால் அது முன்னேறும்.

ஒரே அறை, ஒரே மேசை, ஒரே மணி. ஆனால் நான்கு வாக்கியங்களுக்கும் நான்கு விதமான சான்று வேண்டும். முதல் வாக்கியம் உறுதியாக நிற்பதால் நான்காவதும் நிற்கும் என்று நினைப்பது, மூத்தவன் தேர்ச்சி பெற்றான் என்று தம்பிக்கும் சான்றிதழ் கேட்பதைப் போன்றது.

படி 2: எதை அளக்கிறோம்?

இது கருத்தமைவு ஏற்புடைமை பற்றிய கேள்வி. தன்னடக்கம், பதற்றம், சுயமதிப்பு போன்றவற்றைக் கண்ணால் பார்க்க முடியாது; அவை நாம் கட்டிவைத்திருக்கும் கருத்துகள். பார்க்கக் கிடைப்பது நடத்தையோ, வினாநிரலில் போட்ட டிக் குறியோதான். இது அதற்கு அடையாளம் என்று எதை வைத்துச் சொல்கிறோம்? லீ க்ரான்பாக்கும் பால் மீலும் 1955-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை இதைப் பற்றியதே. வேடிக்கை என்னவென்றால், நான் 0.86 என்று போட்ட நம்பகத்தன்மைக் கெழுவான ஆல்ஃபாவும் (கேள்விகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்) அதே க்ரான்பாக்கின் பெயரைத்தான் சுமக்கிறது. அவருடைய ஒரு கட்டுரையைப் பயன்படுத்திவிட்டு மற்றொன்றைப் படிக்காமல் விட்டிருந்தேன்.

இந்தக் கேள்வியைக் கேட்க எளிய வழி: அதே எண் வேறு எந்தக் காரணத்தால் வந்திருக்க முடியும் என்று யோசியுங்கள். குழந்தை மணியை அடித்துவிட்டது. ஏன்? தன்னடக்கம் இல்லாததாலா? பசியாலா? அந்த இனிப்பு பிடிக்காததாலா? இல்லை, ‘இந்தப் பெரியவர் சொன்னபடி வருவாரா’ என்ற சந்தேகத்தாலா?

கடைசிக் கேள்வியை ராசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் செலஸ்ட் கிட் குழுவினர் எடுத்துக்கொண்டார்கள். 2013-இல் வெளியான அவர்களது ஆய்வில் 28 குழந்தைகள். இனிப்பைக் காட்டுவதற்கு முன் ஆய்வாளர் குழந்தையிடம், “கொஞ்சம் பொறு, இதைவிட நல்ல வண்ணப் பொருள்கள் கொண்டுவருகிறேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். பாதிக் குழந்தைகளுக்குச் சொன்னபடி கொண்டுவந்தார். மீதிப் பேரிடம் “மன்னித்துக்கொள், இல்லையாம்” என்று வெறுங்கையோடு வந்தார். ஸ்டிக்கர் தருவதிலும் இதே கதை. அதன் பிறகுதான் இனிப்பு. வாக்குக் காப்பாற்றியவரிடம் குழந்தைகள் சராசரியாகச் சுமார் 12 நிமிடம் காத்திருந்தார்கள். ஏமாற்றியவரிடம் சுமார் 3 நிமிடம். 14 பேரில் 9 பேர் முழுப் பதினைந்து நிமிடமும் தாக்குப்பிடித்தார்கள். மற்றக் குழுவில் ஒரே ஒரு குழந்தை.

ஏமாற்றப்பட்ட குழந்தை ஒன்றையாவது உடனே தின்றுவிடுவது அடக்கமின்மை இல்லை, கணக்கு. வாக்குக் கொடுப்பவர்கள் அடிக்கடி மறந்துவிடும் வீட்டில் வளர்ந்த குழந்தை, மணியை அடித்ததற்காக மதிப்பெண்ணை இழக்கிறது. இங்கே ஒரு கிளைச் செய்தி: 1958-இல் டிரினிடாடு தீவில் மிஷெலே நடத்திய ஆரம்ப ஆய்வில், இப்போதே சின்ன மிட்டாய் வேண்டுமா, ஒரு வாரம் கழித்துப் பெரியது வேண்டுமா என்று கேட்டபோது, தந்தை உடனில்லாத குழந்தைகள் உடனடி மிட்டாயையே அதிகம் விரும்பினார்கள். நம்பிக்கை என்ற சங்கதி தொடக்கத்திலேயே அங்கு தலைகாட்டியிருந்தது.

பழக்கமும் உள்ளே நுழையும். 2022-இல் வெளியான ஓர் ஒப்பீட்டில், ஜப்பானியக் குழந்தைகள் உணவுக்காக நீண்ட நேரம் காத்திருந்தார்கள். கட்டிய பரிசுப் பொட்டலத்துக்காக அவ்வளவு பொறுக்கவில்லை. அமெரிக்கக் குழந்தைகளிடம் நேர் எதிர். எல்லோருக்கும் பரிமாறி முடியும்வரை தட்டில் கைவைக்காத பழக்கம் ஜப்பானில். பிறந்தநாளும் கிறிஸ்துமஸும் வரும்வரை பொட்டலத்தைப் பிரிக்காத பழக்கம் அமெரிக்காவில். பந்தியில் பக்கத்து இலைக்காரருக்கும் சோறு விழும்வரை கையை மடக்கி உட்கார்ந்திருந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை.

உங்கள் ஆய்வில் இந்தப் படியை எப்படிச் செய்வது? டொனால்ட் கேம்பலும் டொனால்ட் ஃபிஸ்கும் 1959-இல் ஒரு வழி காட்டினார்கள். உங்கள் அளவு, அதே கருத்தை வேறு முறையில் அளப்பவற்றோடு சேர்ந்து நகர வேண்டும்; வேறு கருத்தை அளப்பவற்றோடு சேர்ந்து நகரக் கூடாது. இரண்டாவது பாதியை நம்மவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். தேர்வுப் பதற்ற வினாநிரல் ஒன்று தயாரிக்கிறீர்கள் என்றால், மாணவர்களின் பதற்றத்தைப் பற்றி ஆசிரியர் சொன்ன மதிப்பீட்டோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். கூடவே, தமிழ் வாசிக்கும் வேகத்தோடு அது ஒத்துப்போகாமல் இருக்கிறதா என்றும் பாருங்கள். ஒத்துப்போனால், நீங்கள் அளந்தது பதற்றமா, நீண்ட வாக்கியங்களை வாசிக்கத் திணறுவதா என்று சந்தேகப்பட வேண்டும்.

உள்ளடக்கத்தையும் இந்தக் கட்டத்திலேயே பார்த்துவிடுங்கள். தேர்வுப் பதற்றத்தில் ‘தோற்றுவிடுவேனோ’ என்ற கவலை ஒரு பக்கம், நெஞ்சு படபடப்பு போன்ற உடல் உணர்ச்சி மறுபக்கம் என்று லீபர்ட்டும் மோரிஸும் 1967-இலேயே பிரித்துக் காட்டினார்கள். உங்கள் இருபது கேள்விகளும் படபடப்பைப் பற்றியே இருந்தால் பாதிக் கருத்து வெளியே நிற்கிறது. துறை அறிந்த பத்துப் பேரிடம் ஒவ்வொரு கேள்வியும் அவசியமா என்று கேளுங்கள். லாஷே 1975-இல் தந்த வாய்பாடு எளிது: அவசியம் என்றவர்களின் எண்ணிக்கையிலிருந்து மொத்தத்தில் பாதியைக் கழித்து, அதே பாதியால் வகுக்க வேண்டும். பத்தில் ஒன்பது பேர் என்றால் 0.8. பத்துப் பேர் குழுவுக்கு அவர் வைத்த குறைந்தபட்ச அளவு 0.62.

ஆங்கிலக் கருவியைத் தமிழாக்கிப் பயன்படுத்துவோருக்குத் தனியாக ஒரு வார்த்தை. மனச்சோர்வு வினாநிரல்களில் ‘நீலமாக உணர்கிறேன்’ என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு தொடர் வரும். அங்கே நீலம் என்றால் துயரம். அதை அப்படியே நிறமாக மொழிபெயர்த்த தாளை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். இதில் சிரிப்பதற்கு மேல் ஒரு பாடம் இருக்கிறது. தமிழாக்கத்தை இன்னொருவரிடம் கொடுத்து ஆங்கிலத்துக்குத் திருப்பும் முறையை எல்லோரும் பரிந்துரைப்பார்கள். ‘நீலமாக உணர்கிறேன்’ என்பதைத் திருப்பினால் மூல வாக்கியம் அட்சரம் பிசகாமல் வந்துவிடும்! சோதனையில் முழு வெற்றி, பொருளில் பூஜ்யம். ‘மனசு கனத்துக் கிடக்கிறது’ என்று எழுதியவரின் தாளோ திரும்பும்போது வேறு சொற்களில் வரும். அவர்தான் சரியாகச் செய்தவர்.

படி 3: நம்பகத்தன்மையை அதன் இடத்தில் வையுங்கள்

இது சின்னப் படி. ஒரு கருவி முன்னுக்குப் பின் முரணில்லாமல் எண் தருகிறதா என்பது நம்பகத்தன்மை. இது இல்லாமல் ஏற்புடைமை ஓர் அளவுக்கு மேல் உயராது. மரபான சோதனைக் கோட்பாட்டின்படி, ஒரு கருவி வேறோர் அளவோடு காட்டக்கூடிய ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்று காட்டும் எண்) அதன் நம்பகத்தன்மையின் வர்க்கமூலத்தைத் தாண்டாது, நம்பகத்தன்மை 0.64 என்றால் உச்சவரம்பு 0.80. ஆனால் உச்சவரம்பு என்பது அவ்வளவுதான். “தேர்வென்றால் பயம்”, “தேர்வை நினைத்தால் பயம்”, “தேர்வு வந்தால் பயம்” என்று ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலே ஆல்ஃபா எகிறிவிடும். என் 0.86-இல் பாதி அப்படி வந்ததுதான்.

படி 4: காரணம் அதுதானா?

அக ஏற்புடைமை. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று உங்கள் வாக்கியம் சொன்னால் மட்டுமே இந்தப் படி தேவை.

நம் நான்கு வாக்கியங்களில் முதலாவதைப் பாருங்கள். மிஷெலும் எபே எபசனும் 1970-இல் வெளியிட்ட சோதனையில் 32 குழந்தைகள். (அதில் கொடுத்தது பிஸ்கட்டும் உப்புக் குச்சியும். மார்ஷ்மெல்லோ பின்னால் வந்து பெயரைத் தட்டிக்கொண்டு போனது.) எந்தக் குழந்தைக்குத் தின்பண்டம் எதிரே இருக்கும், எதற்கு மறைக்கப்படும் என்பதை ஆய்வாளரே குலுக்கல் முறையில் பிரித்தார். வசதியான வீட்டுக் குழந்தை, பசித்த குழந்தை, பிடிவாதக் குழந்தை எல்லாம் இரு பக்கமும் சிதறிப்போகும். ஆகவே மறைத்தபோது கூடுதல் நேரம் காத்திருந்தார்கள் என்றால், மறைத்ததே காரணம் என்று துணிந்து சொல்லலாம். மிஷெலின் அசல் ஆர்வமும் இதுதான்: கவனத்தை எப்படித் திருப்பினால் பொறுக்க முடிகிறது?

மூன்றாவது வாக்கியத்தில் யாரும் யாரையும் பிரிக்கவில்லை. சில குழந்தைகள் தாமாகவே நெடுநேரம் காத்திருந்தார்கள். அவர்களே பின்னாளில் நன்றாகப் படித்தார்கள். இரண்டுக்கும் பின்னால் மூன்றாவது ஒன்று நிற்கலாம் என்ற ஐயம் உடனே எழ வேண்டும். டைலர் வாட்ஸ், கிரெக் டங்கன், ஹாவ்னான் குவான் மூவரும் 2018-இல் 918 குழந்தைகளின் தரவை எடுத்துப் பார்த்தார்கள். பதினைந்து வயதுப் படிப்போடு இருந்த தொடர்பு, 1990-இல் வந்த பழைய ஆய்வு காட்டியதில் பாதி அளவே இருந்தது. குடும்பப் பின்னணி, குழந்தையின் ஆரம்பகால அறிதிறன், வீட்டுச் சூழல் ஆகியவற்றைக் கணக்கில் எடுத்ததும் அந்தப் பாதியிலும் மூன்றில் இரண்டு பங்கு கரைந்தது.

கதை இங்கே முடிந்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. முடியவில்லை. 2020-இல் வேறொரு குழு அதே தரவை மறுபடி ஆராய்ந்து, கணக்கில் எடுத்த மாறிகள், அதாவது குடும்பப் பின்னணி, அறிதிறன் போன்ற காரணிகள், அளவுக்கு மீறியவை என்றது. யோசித்தால் அதிலும் நியாயம் இருக்கிறது: அறிதிறனும் தன்னடக்கமும் ஒன்றோடொன்று பின்னியவை என்றால், ஒன்றை நீக்கும்போது மற்றொன்றிலும் ஒரு துண்டு அறுபடும். ஒரு மாறியைக் கட்டுப்படுத்தும் முன், அது காரணத்துக்கு முந்தியதா, காரணத்தின் ஒரு பகுதியா, காரணத்தின் விளைவா என்று அம்புக்குறி போட்டு வரையுங்கள். மென்பொருள் இதைச் சொல்லாது.

புதியவர்கள் அதிகம் செய்யும் வடிவமைப்பு வேறு: பதற்றம் மிகுந்த 30 மாணவர்களைப் பொறுக்கி, ஆறு வாரம் மூச்சுப் பயிற்சி கொடுத்து, முன்னும் பின்னும் அளப்பது. பதற்றம் குறைந்துவிடும். என்ன பயிற்சி கொடுத்தாலும் குறையும், கொடுக்காவிட்டாலும் குறையும். பதற்ற வினாநிரலில் மிக உயர்ந்த மதிப்பெண் எடுத்தவர்களை மட்டும் தேர்ந்தால், அவர்களில் சிலர் அன்றைக்கு மட்டும் கலங்கியிருந்தவர்கள். மறுமுறை சராசரியை நோக்கி இறங்குவார்கள். நடுவில் தேர்வு முடிந்திருக்கும். வினாநிரலும் இரண்டாவது முறை பழகியிருக்கும். மிகவும் கலங்கியவர்கள் நாலாவது வாரம் வராமல் நின்றிருப்பார்கள். கேம்பலும் ஸ்டான்லியும் 1963-இல் இத்தகைய போட்டி விளக்கங்களைப் பெயரிட்டுப் பட்டியலிட்டார்கள். தீர்வு கடினமில்லை: 60 பேரை எடுத்துக் குலுக்கல் போட்டு, பாதிப் பேருக்கு இப்போது பயிற்சி, மீதிப் பேருக்கு ஆறு வாரம் கழித்துப் பயிற்சி. யாருக்கும் பயிற்சி மறுக்கப்படவில்லை. ஒப்பிட ஒரு குழுவும் கிடைத்தது.

இன்னொன்று. ஆய்வுக்கு வருபவர் நம்மை மகிழ்விக்க விரும்புகிறார். மார்ட்டின் ஓர்ன் 1962-இல் இதைச் சோதிக்க, முடிக்கவே முடியாத அளவுக்குக் கூட்டல் கணக்குகள் நிரம்பிய 2,000 தாள்களைக் கொடுத்துவிட்டுப் போனார். மணிக்கணக்கில் செய்துகொண்டே இருந்தார்கள். ஒவ்வொரு தாளையும் முடித்தவுடன் 32 துண்டுகளாவது கிழித்துப் போடச் சொன்னபோதும் நிறுத்தவில்லை. ‘சார் கேட்கிறார்’ என்றால் எதையும் டிக் செய்யும் நம் வகுப்பறைகளில் இது எவ்வளவு தூரம் போகும் என்று எண்ணிப்பாருங்கள். பயிற்சி கொடுத்தவரே பின்னர் வினாநிரலையும் நீட்டக் கூடாது.

படி 5: எத்தனை பேர்?

காத்திருந்த நிமிடங்களையும் பிற்காலப் படிப்பையும் இணைத்துப் பேசிய 1990-ஆம் ஆண்டுக் கட்டுரையில், கல்லூரி நுழைவுத் தேர்வின் கணக்குப் பகுதியோடு ஒட்டுறவு 0.57, மொழிப் பகுதியோடு 0.42. பெரிய எண்கள்தாம். ஆனால் அவை 35 பேரிடமிருந்து வந்தவை. 35 பேருக்கு 95 சதவீத நம்பக இடைவெளியை (உண்மையான எண் இருக்கக்கூடிய வீச்சை) கணக்கிட்டால், 0.57 என்பது ஏறத்தாழ 0.29 முதல் 0.76 வரை எங்கும் இருக்கலாம், 0.42 என்பது 0.10 முதல் 0.66 வரை. எச்சரிக்கையோடு படிக்கும்படி ஆய்வாளர்களே அதில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மேற்கோள் காட்டியவர்கள் அந்தப் பத்தியைத் தாண்டிவிட்டார்கள். ஒட்டுறவு எண்ணை எழுதும்போதெல்லாம் அதன் இடைவெளியையும் பக்கத்தில் எழுதுங்கள். எழுதும் கையே கொஞ்சம் அடங்கும்.

படி 6: வேறு யாருக்குப் பொருந்தும்?

பிங் பள்ளிக் குழந்தைகளில் பலர் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த வீடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களிடம் கண்டது எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துமா என்பது புற ஏற்புடைமை. முன்னணி உளவியல் இதழ்கள் சிலவற்றை அலசிய ஜெஃப்ரி ஆர்னெட், ஆய்வுக்கு உட்பட்டவர்களில் 96 சதவீதம் மேலைத் தொழில்வள நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்று 2008-இல் எழுதினார். அந்நாடுகளில் வாழ்வது உலக மக்களில் சுமார் 12 சதவீதமே. கேமரூன் நாட்டு ந்ஸோ இனக் குழந்தைகளிடம் இதே காத்திருப்புச் சோதனையை நடத்தியபோது, ஜெர்மானிய நடுத்தரக் குடும்பக் குழந்தைகளைவிட அவர்கள் அதிக நேரம் காத்திருந்தார்கள்.

இந்தக் குறையை ‘மேலை நாட்டுக்காரர்கள் செய்வது’ என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. ஒரே கல்லூரியில், ஒரே துறையில், வருகைப் பதிவுக்காக உட்கார்ந்திருந்த 120 பேரிடம் நிரப்பி வாங்கிவிட்டுத் தலைப்பில் “தமிழக இளைஞர்களிடையே” என்று போடுகிறோம். மாதிரியை, அதாவது ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளும் ஆட்களை, மாற்ற வசதியில்லை என்றால் தலைப்பையாவது சுருக்குங்கள், அதற்குச் செலவில்லை.

படி 7: பத்துப் பேரோடு உட்காருங்கள்

இதைக் கடைசியில் சொன்னாலும் முதலில் செய்ய வேண்டியது இதுதான். வினாநிரலை அச்சுக்குக் கொடுக்கும் முன், உங்கள் மாதிரியைப் போன்ற பத்துப் பேரைத் தனித்தனியே உட்காரவைத்து, ஒவ்வொரு கேள்வியையும் சத்தமாக வாசித்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். திருத்தாதீர்கள், விளக்காதீர்கள், குறித்துக்கொள்ளுங்கள். அப்படி உட்கார்ந்தபோது எனக்குத் தெரியவந்தது: ஐந்து விடைகளில் ‘எப்போதாவது’, ‘சில நேரங்களில்’ என்று இரண்டை அடுத்தடுத்து வைத்திருந்தேன். ஆறு பேருக்கு அவை ஒன்றே. இரண்டு பேர் வரிசையை மாற்றிப் புரிந்துகொண்டார்கள். ஒரு பெண் மட்டும் வித்தியாசம் சொன்னார்: “எப்போதாவது என்றால் இனிமேலும் வரலாம் என்று அர்த்தம் இல்லையா?” அதற்குள் 300 படிகள் அச்சாகிவிட்டிருந்தன.